பன்னிரண்டாம் தேதி அறுவடை

ஜனவரி 6, திங்கள்

பொங்கல் வருகிறது என்று நான்காம் வகுப்புக்கு உழவர் பாடத்தை முன்னால் இழுத்துக்கொண்டேன். 'ஹார்வெஸ்ட் என்றால் அறுவடை' என்று பலகையில் எழுதிப் போட்டேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்ப ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங்னா மழையை அறுக்கிறதா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். அங்கே சேகரிப்பு, இங்கே அறுவடை, சொல் ஒன்றுதான், இடத்துக்கு ஏற்ற மாதிரி மாறும் என்றேன். ஏன் மாறும் என்று கேட்டாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"செவந்தி மேடமா? சுடர்விழியோட சிஸ்டர்தானே நீங்க?"

ஆறு வருடமாக யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

பேசியவள் பெயர் இனியா. திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கோஆர்டினேட்டராம். என் தங்கைக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய்விட்டது. வாரத்துக்கு வாரம் யாரோ கொடுக்கிற ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள். உடன்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழி இருக்கிறது. "மேட்ச் ஆயிட்டா ஹார்வெஸ்ட் பண்ணிடலாம் மேடம்" என்றாள், டீ போடலாம் என்பது போல.

காலையில் நானே பலகையில் எழுதிய சொல். யாரை அறுக்கப் போகிறார்கள் — அவளையா, என்னையா?


ஜனவரி 7, செவ்வாய்

ஒன்றும் ஓடவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.


ஜனவரி 8, புதன்

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சாயந்திரம் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது, "அப்பா, சுடருக்கு..." என்று ஆரம்பித்தேன். தட்டில் பாதிச் சோறு இருந்தது. எழுந்து கையைக் கழுவிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். மாடு கட்டியபடிதான் இருந்தது.

அவள் பெயர் காதில் விழுந்தால் எழுந்துவிடுவார். பாலிடெக்னிக்கில் உடன் படித்த ஜெரால்டைக் கட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் போன நாளிலிருந்து இப்படித்தான். அவன் வேறு சாதி, வேறு சாமி. அங்கே ஒரு ஐஸ் பிளாண்டில் எலக்ட்ரீசியன். நல்ல பையன் என்று கேள்வி. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை.

எனக்கு அவள் மேல்தான் கோபம். அம்மா போனபின் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது நான். அன்றைக்குக் காலையில் என்னிடம் சீப்பு வாங்கித் தலை சீவிக்கொண்டு, "அக்கா, புதுக்கோட்டை போயிட்டு வாரேன்" என்றாள். அதோடு சரி. எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே? அப்படி என்ன நான் அவளுக்கு ஆகாதவளாப் போயிட்டேன்?

இந்தக் கோபத்தோடு மஜ்ஜை கொடுக்கலாமா? கோபம் மஜ்ஜையில் இருக்குமா?

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு மிஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார். "டெஸ்ட்தானே, போய்க் குடுத்துட்டு வா. பொருந்துனாப் பாத்துக்கலாம்" என்றார்.


ஜனவரி 10, வெள்ளி

திருச்சி போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் பல்வலி என்று சொல்லி லீவு. சுடரை இன்றைக்குத் தனி வார்டில் வைத்திருந்தார்கள், பார்க்க முடியாது என்றார்கள். பார்க்கவேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

ஜெரால்டு நின்றான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான், ஆஸ்பத்திரி வராந்தாவில் எதற்கோ. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க சபையில அறுப்பின் பண்டிகை அன்னைக்கு ஒங்க பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுனோம்மா." பூசணி, கோழி, முதல் நெல் எல்லாம் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்களாம். ஹார்வெஸ்ட் பெஸ்டிவல் என்று ஜெரால்டு எனக்கு விளக்கினான்.

இதற்கும் அதே சொல். நான் பூசணியா, கோழியா?


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை நன்றாகப் பொங்கியது. இவரும் அப்பாவும் வயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கண்மாய் நிறைந்ததால் இந்த வருடம் கதிர் கனத்துச் சாய்ந்து நிற்கிறது. அப்பா முகத்தில் இத்தனை தெளிவு பார்த்து வெகுநாள் ஆயிற்று. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.


ஜனவரி 22, புதன்

இனியா கூப்பிட்டாள். "டென் அவுட் ஆஃப் டென் மேடம்! பெர்பெக்ட் மேட்ச்!"

பத்துக்குப் பத்துப் பொருத்தம். எனக்கும் இவருக்குமே ஏழுதான் பொருந்தியது.

சிரிப்பு வந்தது, பின்னால் அழுகை வந்தது. எதற்கு எது என்று தெரியவில்லை.


ஜனவரி 24, வெள்ளி

இன்று வீட்டில் சண்டை.

இவர் போனில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடியிருக்கிறார். மிஷின் விளம்பரம் வந்திருந்தால் பரவாயில்லை. 'ஆர்கன் ஹார்வெஸ்டிங்' என்று வரிசையாக வீடியோக்கள். யாரையோ மயக்கி, கிட்னியைத் திருடி, பாத்டப்பில் ஐஸ் போட்டுக் கிடத்திய கதைகள்.

"இங்க பாரு. நல்லாப் பாரு. மயக்க மருந்து குடுத்துட்டா உள்ள எதை எடுத்தான் எதை வச்சான்னு ஒனக்குத் தெரியுமா? இவன் சொல்றதும் ஹார்வெஸ்ட்டு, அவுங்க சொல்றதும் ஹார்வெஸ்ட்டு."

"எல்லா ஆஸ்பத்திரியும் அப்படியா இருக்கும்?"

"நான் ஹார்வெஸ்டர் ஓட்டுறவன்டீ. அறுத்தா அறுத்ததுதான். தாள்தான் மிஞ்சும்."

எனக்கும் அதுதானே பயம்? ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். அறுவடை. விளைச்சல். அறுவடைக் காலம். சேகரித்தல். செயலின் பலன். போனில் பார்த்தால் இன்னும் இரண்டு. பல்லியைப் போல யாரோ நம் விவரங்களை நக்கி எடுப்பதும் ஹார்வெஸ்ட்டாம், டேட்டா ஹார்வெஸ்டிங். சவத்திலிருந்து கண்ணை எடுப்பதும் அதுவேயாம்.

பதினைந்து வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சொல் இப்படி எல்லாப் பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் என்று தெரியாமல் போயிற்றே.


ஜனவரி 27, திங்கள்

இவரையும் கூட்டிக்கொண்டு திருச்சி. டாக்டரம்மா சின்ன வயசுதான், பொறுமையாகப் பேசினார். இவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"மேடம், எங்க மிஷின்ல அறுத்தா மொத்தமா முடிஞ்சுபோகும். இதுல எப்படி? எலும்பை அறுப்பீங்களா?"

"எதையும் அறுக்க மாட்டோம். இடுப்புக்குப் பின்னாடி எலும்புல ஊசி போட்டு, உள்ள இருக்கிற மஜ்ஜையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்போம். சில வாரத்துல உங்க வைஃபுக்குத் திரும்ப ஊறிடும்."

"கிட்னி?"

"கிட்னி பக்கம் போகவே மாட்டோம்." சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை.

இவர் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப இது அறுப்பு இல்லையே மேடம். பால் கறக்குற மாதிரில்ல இருக்கு? எதுக்கு ஹார்வெஸ்ட்டுன்னு பேரு வச்சுப் பயமுறுத்துறீங்க?"

டாக்டரம்மா, எப்போதும் அப்படித்தான் சொல்கிறோம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னது: "குடு. ஆனா ஒங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும். எனக்குத் தைரியம் இல்ல." நாளை விடியும் முன்பே மிஷினுக்குத் திரும்பிப் போகிறார்.


பிப்ரவரி 1, சனி

என்ன நடந்தது என்பதைச் சரியாக எழுதிவைக்கிறேன். எழுதினால்தான் எனக்கே புரியும்.

சாயந்திரம் அப்பா வீட்டில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் அப்பா வாசலில் முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறார்.

"ஏத்தா, மிஷின் ஆபீஸ்லருந்து ஒரு பொம்பளப்புள்ள பேசுச்சு. மருவாதியான புள்ள. பன்னெண்டாந்தேதி அறுப்பு வச்சிருக்காங்களாம். நானும் சரின்னுட்டேன்."

"எந்த மிஷின் ஆபீஸ்?"

"ஹார்வெஸ்ட்டு, ஹார்வெஸ்ட்டுன்னுச்சு. மாப்ள ஏற்பாடுதானே? அவரு மிஷினைத்தானே அப்படிச் சொல்வாரு."

போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கினேன். கொல்லைக்குப் போய் இனியாவைக் கூப்பிட்டேன். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"மேடம், அப்பா ஒத்துக்க மாட்டாருன்னு சுடர்விழி சொல்லி அழுதுட்டே இருந்தாங்க. ஆனா எவ்வளவு அருமையா பேசுனாரு தெரியுமா! ஹார்வெஸ்ட் பன்னெண்டாம் தேதி வச்சிருக்கோம் சார், உங்களுக்குச் சம்மதம்தானேன்னு கேட்டேன். 'சம்மதம்தாம்மா. ரொம்ப முத்திருச்சு, இனிமேத் தள்ளிப்போடக் கூடாது. ஒங்க கையிலதான் இருக்கு, நல்லபடியா முடிச்சு விடுங்க'ன்னாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. உடனே போய்ச் சுடர்விழிகிட்டச் சொல்லிட்டேன்."

முத்திவிட்டது. நெல் முற்றினாலும் அதே சொல், நோய் முற்றினாலும் அதே சொல். இங்கிலீஷை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

"சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லிட்டேன் மேடம். மூணு நாளா சாப்பிடாதவங்க, இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க."

இப்போது நான் என்ன செய்யவேண்டும்? இனியாவிடம் உண்மையைச் சொன்னால் அந்த இட்லி போய்விடும். அப்பாவிடம் சொன்னால்... வீட்டுக்குள் வந்தேன். அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார், மிஷின் எட்டாத மூலைகளை அறுப்பதற்காக.

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.


பிப்ரவரி 3, திங்கள்

இவர் போன் செய்தார். "ஒங்கப்பா கூப்புட்டு மிஷின் பிடிச்சுக் குடுத்ததுக்கு நன்றி சொல்றாரு. நான் எங்க பிடிச்சேன்? இங்க தஞ்சாவூர்ப் பக்கமே மிஷின் கிடைக்காம அடிச்சுக்கிறாங்க. பன்னெண்டாந்தேதி யாரு வர்றா?"

விவரம் சொன்னேன். "அட கடவுளே" என்றார்.


பிப்ரவரி 5, புதன்

சுடருக்கு இன்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். புதியது ஏறுவதற்கு முன் பழையதை முழுக்க அழித்துவிட வேண்டுமாம். இனியா விளையாட்டில்லாமல் சொன்னாள்: "இனிமே திரும்பிப் போக முடியாது மேடம். அவங்ககிட்ட இப்ப எதுவும் இருக்காது. பன்னெண்டாம் தேதி உங்களோடது போனாத்தான். சளி, காய்ச்சல் எதுவும் வராமப் பாத்துக்கோங்க."

அழித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்னை நம்பி.

வகுப்பில் யாராவது தும்மினால் கதவருகே போய் நிற்கிறேன்.


பிப்ரவரி 8, சனி

பக்கத்து ஊருக்கு வந்த மிஷின் ஒன்று எங்கள் ஊரில் நான்கு வயலை அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. அப்பா வயலுக்கு நேராக நிறுத்திக் கேட்டார்களாம். "பன்னெண்டாந்தேதிக்கு வேற எடத்துல சொல்லியாச்சுப்பா, பேச்சு மாறக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்.

செய்தியில் மழை வரும் என்கிறார்கள்.

சொல்லியிருந்தா இந்நேரம் நெல்லு வீட்டுக்கு வந்திருக்கும். ஏன்டீ வாயை மூடிக்கிட்டு இருந்தே? யாருக்குப் பயந்தே? அவர் நெல்லையும் நனைய வைத்து, மகளையும் ஏமாற்றி... இதில் நான் யாருக்கு நல்லது செய்கிறேன்?


பிப்ரவரி 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, எழுந்துகொள்ள முடியாதபடி கதவை மறித்து உட்கார்ந்து சொன்னேன். சுடரின் வியாதி, பரிசோதனை, பொருத்தம், நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் சேரவேண்டியது. கடைசியாக அந்தப் போன்.

"அது மிஷின் ஆபீஸ் இல்லப்பா. ஆஸ்பத்திரி. அவுங்க ஹார்வெஸ்ட்டுன்னது என் மஜ்ஜையை எடுக்குறதை."

அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்:

"நாஞ் சரின்னது நெல்லுக்கு."

"தெரியும்ப்பா."

"அதை அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"அவகிட்ட?" அவள் என்றுதான் சொன்னார். பெயர் இல்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

"அவகிட்டயும் சொல்லலை. நீங்க சம்மதிச்சதா நெனைச்சுக்கிட்டு இருக்கா."

"அப்படி நெனைக்க விடலாமா? நாஞ் சொல்லாததைச் சொன்னதா ஆக்கக்கூடாது செவந்தி. போய்ச் சொல்லிரு."

"அவளுக்கு இப்ப ஒடம்புல ஒண்ணுமே இல்லப்பா. இதையும் போய்ப் புடுங்கச் சொல்றீங்களா?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வழியை விடு" என்றார். விட்டேன். வயல் பக்கம் போனார்.

நான் போகலாமா கூடாதா என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டிருக்கவேண்டுமோ?


பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் மாமியார் வீட்டில். இவர் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கீழே ஜெரால்டோடு டீக்கடையில் நிற்கிறார். இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுடரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு இன்டர்காம் போன். தலையில் முடி இல்லை. நான் பின்னிய முடி. ஆறு வருடமாக என்னென்னவோ கேட்கவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

"குண்டாயிட்டக்கா" என்றாள்.

"நீ எலும்பாயிட்ட."

"அதுலதானே பிரச்சனையே."

சிரித்துவிட்டோம். பின்னால் நின்ற நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவள், "அப்பா சரின்னுட்டாராமே" என்றாள். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ம்" என்றேன்.

அது பொய்யா? அப்பா சரி என்றது உண்மை. அவள் கேட்டது அது இல்லை. நான் சொன்ன ம் எதற்கு? அப்பா கேட்டால் என்ன சொல்வேன்?


பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எடுத்தார்கள். இடுப்பில் மாடு உதைத்தது போல வலி. ஆனால் எழுத முடிகிறது.

எடுக்கும் முன் நடந்ததை எழுதவேண்டும். தள்ளுவண்டியில் என்னைக் கொண்டுபோகும்போது இனியா கூடவே நடந்து வந்தாள். முகம் சரியில்லை.

"மேடம், நேத்து சாயந்திரம் உங்க அப்பா போன் பண்ணாரு. உங்க ஹஸ்பெண்டுகிட்ட நம்பர் வாங்குனாராம்."

வண்டியில் படுத்தபடியே தலையைத் தூக்கினேன்.

"'அம்மாடி, நான் அன்னைக்குச் சரின்னது நெல்லுக்கு. என் மக சொல்ல மாட்டா, அதனால நானே சொல்றேன்'னாரு. அப்ப இதுக்கு வேண்டாங்கிறீங்களா சார்னு கேட்டுட்டேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனைச்சேன். அப்புறம் 'வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?'னாரு. வச்சிட்டாரு."

கதவு வந்துவிட்டது. இனியா வண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "இதை நான் எப்படி எடுத்துக்கிறது மேடம்?"

"எனக்கும் தெரியலம்மா" என்றேன். அதன்பிறகு முகத்தில் எதையோ வைத்தார்கள்.

விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பையில் கருஞ்சிவப்பாக, திக்காக இருந்ததாம். இவர் பார்த்திருக்கிறார். "அவ்வளவுதான் செவந்தி. அதைப் போயி ஹார்வெஸ்ட்டுங்கிறாங்க" என்றார். சாயந்திரமே அவளுக்கு ஏற்றிவிட்டார்கள்.

வேண்டாம்னு எப்பச் சொன்னேன். படுத்தபடியே அதை விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கோபமாகச் சொன்னால் ஒரு அர்த்தம். மெதுவாகச் சொன்னால் வேறு. இனியாவிடம் எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். ரெண்டுமாத்தான் இருந்துச்சு மேடம் என்கிறாள்.


பிப்ரவரி 14, வெள்ளி

இங்கே திருச்சியில் தூறல். ஊரில் நல்ல மழையாம்.


பிப்ரவரி 17, திங்கள்

வீடு வந்தாயிற்று. வயலைப் பார்த்தேன். கதிர் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது, சில இடங்களில் முளைவிட்டுவிட்டது. இவர் எங்கெங்கோ பேசி ஒரு பெல்ட் மிஷினைக் கொண்டுவந்து தானே ஓட்டுகிறார், அதுதான் சேற்றில் இறங்கும். பாதி தேறலாம் என்கிறார்.

அப்பா வரப்பில் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னாலதான்ப்பா."

"மழை ஒன்னாலயா பெய்யுது?" என்றார். கொஞ்சம் கழித்து, "இடுப்பு வலி இருக்குதுல்ல, ஏன் சேத்துல நிக்கிற? வீட்டுக்குப் போ."

அவளைப் பற்றிக் கேட்கவில்லை.


பிப்ரவரி 24, திங்கள்

இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. அப்படித்தான் ஜெரால்டு சொன்னான், முளைக்கலக்கா என்று. தினமும் ரத்தம் எடுத்து எண்ணுகிறார்கள், தினமும் பூஜ்யம்.


பிப்ரவரி 26, புதன்

சுடருக்குக் காய்ச்சல். விடவில்லை. வாயெல்லாம் புண், தண்ணீர் இறங்கவில்லையாம். ஜெரால்டு போனில் பேச முடியாமல் அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

என்னுடையது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? நிஜமாகவே கோபமும் சேர்ந்து போய்விட்டதா? கிறுக்கு மாதிரி எழுதுகிறேன். தெரிந்துதான் எழுதுகிறேன்.

சோறு கொண்டுபோனேன். அப்பாவிடம், "அவளுக்குக் காய்ச்சலா இருக்குப்பா" என்றேன், அவர் கேட்காமலே. உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. தட்டில் கை வைத்தபடி, "எத்தனை டிகிரியாம்?" என்றார்.


மார்ச் 1, சனி

காய்ச்சல் குறைகிறது.


மார்ச் 4, செவ்வாய்

ஏறிவிட்டது! வெள்ளை அணு ஐநூறைத் தாண்டிவிட்டது. இனியா போனில் கத்தினாள், நான் ஸ்டாஃப் ரூமில் கத்தினேன். பல்வலி சரியாகிவிட்டதா என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

இதற்கு கிராஃப்ட் பிடித்துவிட்டது என்று சொல்கிறார்கள். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதும் கிராஃப்ட்தான். இனி இந்தச் சொல்லை வேறு நான் ஆராயப் போவதில்லை. பிடித்துவிட்டது. போதும்.

அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.


மார்ச் 9, ஞாயிறு

சுடர் தானே பேசினாள். குரல் தேறியிருக்கிறது. எடுத்த எடுப்பில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், இனியும் சுமக்க முடியாது. அப்பா சரி என்றது நெல்லுக்கு என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"இனியா சொன்னாளா?"

"அவ வேற சொல்லணுமாக்கா? 'ரொம்ப முத்திருச்சு, தள்ளிப்போடக் கூடாது'ன்னாராம். அப்பா நெல்லைத் தவிர எதைப் பத்தியாச்சும் அவ்வளவு பேசி நீ கேட்டுருக்கியா?"

"தெரிஞ்சுமா எங்கிட்டக் கேட்டே?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். ம்ன்னே. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

அப்புறம்தான் நான் கேட்டேன். ஆறு வருடமாகக் கேட்க நினைத்ததை. "எங்கிட்டக்கூட ஏன்டீ சொல்லாமப் போனே?"

அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருந்தா ஒன்னையும் உடந்தைன்னு அப்பா சேத்து ஒதுக்கிருப்பாரு. அப்ப அவருக்குச் சோறு கொண்டுபோறது யாரு?"

போனை வைத்தபின் வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாக அதை நான் திருப்பிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேனா? அவள் என்னை விட்டுப் போகவில்லையா, விட்டுவைத்துவிட்டுப் போனாளா? இரண்டும் ஒன்றுதானா? இப்போதும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் மூச்சு விட முடிகிறது.


மார்ச் 21, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். ஊருக்குப் போகக்கூடாதாம், அடிக்கடி காட்டவேண்டும். பக்கத்திலேயே வீடு பிடித்திருக்கிறான் ஜெரால்டு. ஐஸ் பிளாண்டில் லீவு நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.


மார்ச் 30, ஞாயிறு

காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார். "திருச்சி வரைக்கும் ஒரு சோலி இருக்கு, நீயும் வா" என்றார். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. திருச்சியில் இறங்கியதும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார்.

மாடி வீடு. ஜெரால்டு கதவைத் திறந்தான். அப்பாவைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான். "வாங்க" என்றவன், அடுத்த நொடியே தவித்துப்போனான். அப்பாவுக்கு இருமல். நெல் தூசியில் வந்த இருமல், இரண்டு வாரமாக விடவில்லை. இருமல் உள்ளவர்களைச் சுடரின் அறைக்குள் விடக்கூடாது என்பது டாக்டரம்மா கட்டளை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க... அவளுக்கு இப்ப..."

"புரியுது" என்றார் அப்பா. "நான் வெளியவே இருக்கேன்."

மாடி வராந்தாவில் நாற்காலி போட்டான். ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் சுடர், முகத்தில் மாஸ்க். ஜன்னலின் கொசுவலைக்கு வெளியே அப்பா, அவருக்கும் ஒரு மாஸ்க் மாட்டிவிட்டேன், தலைகீழாக. நானும் ஜெரால்டும் சமையலறைக்குள் போய்விட்டோம். அங்கிருந்து காதைத் தீட்டிக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பா குரல் மட்டும், முளைத்துப்போன நெல்லைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சுடர் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். அப்பா மாஸ்க்கைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் படுத்தபடி வலை மேல் விரல் வைத்திருந்தாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

ஜெரால்டு டீ போட்டான். அதை என்னிடம் கொடுக்க வந்தான். நான் வாங்கவில்லை. அவனே கொண்டுபோனான். எங்கள் அப்பா ஊரில் அடுத்த தெரு வீட்டில்கூடக் கை நனைக்காதவர். டம்ளரைப் பார்த்தார். வாங்கினார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஊதி ஊதிக் குடித்தார், முழுவதையும்.

ஜெரால்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான், வெறும் டம்ளரை வாங்குவதற்காக.

அப்பா அதைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்கா மாப்ள?"